போர் மோட்டார் போர்டில் பிக் 16எஃப்877ஏ: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தது

மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போர்டு செய்து கொடுக்கிறேன். பல வருடமாக அதில் போடுவது பிக் 16எஃப்877ஏ என்ற மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நாம் எழுதிய புரோகிராமை ஓட்டுகிற சிப். கிணற்றடித் தகரப் பெட்டிக்குள் சித்திரை வெயிலில் கிடந்தும் சிப் செத்துப்போய் ஒரு போர்டும் திரும்பி வந்ததில்லை. வருவதெல்லாம் கருகிய ரிலேவும் பல்லி புகுந்த டெர்மினலும்தான்.

குறை என்றால் அதன் போர்ட், அதாவது சேர்ந்து இயங்கும் பின்களின் (சிப்பின் கால்களின்) தொகுப்பு. ஒரு பின்னை மட்டும் ஏற்ற (ஒன்று ஆக்க) பி.எஸ்.எஃப் என்ற கட்டளை கொடுத்தாலும், சிப் எட்டுப் பின்னையும் படித்து, ஒரு பிட்டை மாற்றி, எட்டையும் திரும்ப எழுதுகிறது. படிப்பது நாம் எழுதிய மதிப்பைப் பிடித்து வைத்திருக்கும் லேட்ச்சை அல்ல. பின்னில் அப்போது நிற்கிற வோல்ட்டேஜை.

வேறு யாரோ செய்த போர்டு ஒன்று பழுதுக்கு வந்தது. "டொக்குன்னு ரிலே புடிக்குதுண்ணே, லைட்டு எரிஞ்சதும் விட்டுருது" என்றார் தோட்டக்காரர். ரிலேவை மாற்றியும் அதே கதைதான். ரிலே பிடித்திருக்கும்போது அந்தப் பின்னில் மீட்டரை வைத்தால் வெறும் 0.7 வோல்ட். டிரான்சிஸ்டர் பேஸை ரெசிஸ்டர் இல்லாமல் நேராகப் பின்னில் கொடுத்திருந்தார்கள். ரிலே பிடிக்க அது போதும். சிப்புக்கோ அது பூஜ்யம். அதே போர்ட்டில் எல்.இ.டி.க்கு பி.எஸ்.எஃப் ஓடியதும் ரிலே பிட்டும் பூஜ்யமாகவே திரும்ப எழுதப்பட்டுவிடும். 1கே ரெசிஸ்டர் ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது.

போர்ட் ஏ-யில் இன்னொரு தொல்லை. ரீசெட் ஆனதும் அனலாக் பின்கள் அனலாக்காகவே (வோல்ட்டேஜ் அளக்கும் வகையிலேயே) இருக்கும். படித்தால் பூஜ்யம்தான் வரும். அதைத் தீர்மானிக்கும் ஏ.டி.சி.ஓ.என்.1 ரெஜிஸ்டரை மாற்றாவிட்டால் இங்கேயும் அதே கூத்துதான்.

என் புரோகிராமில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ராமில் ஒரு நகல் பைட் உண்டு. பிட்டை அதில் மாற்றி, முழு பைட்டாகப் போர்ட்டுக்கு அனுப்பிவிடுவேன். இன்டரப்ட்டும் (நடுவில் குறுக்கிட்டு ஓடும் புரோகிராம் துண்டு) அதே நகலைத் தொடுகிறது என்றால், அனுப்பி முடிக்கும்வரை இன்டரப்ட்டை நிறுத்தி வைக்க வேண்டும்.

கல்லூரி லேபில் எல்லோரும் தொட்ட 8051 இதில் கெட்டிக்காரன். 1980-இல் வந்த அந்தச் சிப்பில், பிட்டை மாற்றும் கட்டளைகள் லேட்ச்சைத்தான் படிக்கும். பேஸ் கதை அங்கே நடக்காது. ஏ.வி.ஆர் என்ற இன்னொரு வகைச் சிப்பில் எழுத போர்ட், படிக்க பின் என்று ரெஜிஸ்டரே தனித்தனி. ஆனால் எழுதிய கையோடு படித்தால் பழைய மதிப்பே வரும். நடுவில் ஒரு நாப் (ஒன்றும் செய்யாத கட்டளை) வேண்டும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பிக்கிலேயே 18எஃப்4520 வாங்கலாம். அதே 40 கால், லேட்ச்சுக்குத் தனி ரெஜிஸ்டரும் உண்டு. நான் அடுத்த ஆர்டருக்கும் 877ஏ-தான் போடப் போகிறேன். ஓடுகிற புரோகிராம் கையில் இருக்கிறதே.