கணினியைப் போட்டதும் பில்லிங் திரை: காட்பாடி சாலைக் கடை ஒன்றின் சேவை

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் மருந்துக் கடையின் கணினியைக் காலையில் போட்டதுமே பில்லிங் மென்பொருள் தானாகத் திறக்க வேண்டும் என்று, காட்பாடி சாலையிலுள்ள ஒரு சிறிய கணினிக் கடையில் கேட்டிருந்தேன். வந்த தம்பி, விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘ஷெல்:ஸ்டார்ட்அப்’ என்று தட்டச்சு செய்து, திறந்த கோப்புறையில் மென்பொருளின் ஷார்ட்கட்டை (அதைத் திறக்கும் குறுக்குவழியை) மட்டும் ஒட்டினார். மூலக் கோப்பை இடம் மாற்றக் கூடாது என்றும் சொல்லிக் கொடுத்தார். தானாகத் திறக்கும் நிரல்களைக் காட்டும், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்ற 4 நிரல்களை, ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டே முடக்கியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடவுச்சொல் இட்டு உள்ளே நுழைந்த பிறகே மென்பொருள் திறக்கும் என்பதை முன்கூட்டியே அவர் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை, மருந்துச் சீட்டோடு ஒரு பெரியவர் காத்திருக்க, வெறும் திரையைப் பார்த்துத் தவித்துப்போனேன்.