722.6 கன்டக்டர் பிளேட் கிட்: பழைய பென்ஸுக்கு வாங்கலாமா?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறும்போது, 722.6 என்ற ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்ட டபிள்யூ211 மாடல் பென்ஸ் இ-கிளாஸ் இரண்டாம் கியரிலேயே மாட்டிக்கொண்டால், வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தி, பத்து விநாடி விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கியர் பழையபடி மாறினால் கோளாறு பெரும்பாலும் மின்சாரப் பக்கம்தான். ஸ்கேனரில் என்2 அல்லது என்3 வேக சென்சார் கோடும் வந்தால், கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் ஷெட்டுக்குத் தலையாட்டாதீர்கள். அந்த சென்சார்கள் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் மின் இணைப்புத் தகடான கன்டக்டர் பிளேட்டிலேயே பதிந்தவை. பிளேட்டை மாற்றினால் போதும்.

கிட்டில் பிளேட், வயரை அதோடு இணைக்கும் 13 பின் சாக்கெட், ஃபில்டர், ஆயில் பான் கேஸ்கெட் இருக்க வேண்டும். பிளேட் எண் ஏ 140 270 11 61, சாக்கெட் ஏ 203 540 02 53. பிளேட்டில் சிக்கனம் வேண்டாம். ஆயுள் முழுக்கச் சூடான ஆயிலில் கிடக்கும் சாமான் அது. சாக்கெட் விலை சொற்பம், ஆனால் வேலை பெரிது. அதன் ஓ-ரிங் தளர்ந்தால் ஆயில் வயருக்குள்ளேயே ஊறி கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வரை ஏறிவிடும். ஆகவே கம்ப்யூட்டர் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிட வேண்டும்.

சேலத்து லாரி ஷெட்களில் கை தேர்ந்தவர்களுக்குக் குறைவில்லை. இந்த வேலைக்கு அதைவிடத் தேவை தூசி இல்லாத மேசை. பானின் ஆறு போல்ட்டும் டி30 டார்க்ஸ். பான் இறங்கினால் சுமார் 4 லிட்டர் வரும். மீதி, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டார்க் கன்வெர்டரில். அதில் டிரெயின் பிளக் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள், பிந்தைய வண்டிகளில் அது கிடையாது. பிளேட்டைத் தாங்கும் வால்வ் பாடியை (ஆயிலைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் பாகம்) இறக்கும் முன் 7 எம்எம் போல்ட்டைக் கழற்றி 13 பின் சாக்கெட்டை உருவிவிட வேண்டும். மறந்தால் பிளேட்டின் பிளாஸ்டிக் மூக்கு முறியும். திரும்ப ஏற்றும்போது செலக்டர் வால்வின் காடி லீவர் பின்னில் சரியாக உட்கார வேண்டும், இல்லையேல் லீவர் அசையும், கியர் விழாது. வால்வ் பாடி போல்ட்டுகளுக்கும் பான் போல்ட்டுகளுக்கும் 8 நியூட்டன் மீட்டர்தான். அலுமினியத் திரெட், கை பலத்தைக் காட்டினால் போய்விடும்.

ஆயில் மெர்சிடிஸின் 236.14 தரம் மட்டுமே. டிரம்மில் விற்கும் சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) வேண்டாம்.

பல இடங்களில் வேலை கெடுவது லெவல் பார்ப்பதில்தான். இந்தக் கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் கிடையாது, வெறும் குழாய்தான். தனி அளவுகோல் வாங்கி, சமதளத்தில், இன்ஜின் ஓட, பி-யில் வைத்து, ஆயில் 80 டிகிரியில் இருக்கும்போது பார்க்க வேண்டும். ஆனால் பி, என் நிலைகளில் ஸ்கேனர் காட்டுவது ஆயில் சூடு அல்ல, கூலன்ட் சூடு. ஆயில் சூட்டு சென்சார், பி, என் தவிர மற்ற நிலைகளில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் லாக்அவுட் சுவிட்சோடு ஒரே சர்க்யூட்டில் இருப்பதே காரணம். பிரேக்கை அழுத்தி டி-யில் போட்டு சூட்டைப் படித்துவிட்டு, பி-க்கு வந்து அளவெடுங்கள். அதிகமானால் ஆயில் நுரைக்கும். குறைந்தால் சேலம் அஸ்தம்பட்டியின் சமதளத்தில் தெரியாத ஸ்லிப் அடிவாரம் தாண்டியதும் முதல் வளைவிலேயே தெரியும்.

வடித்த ஆயில் கருத்து தீய்ந்த வாடை அடித்தால் இந்தக் கிட் உதவாது, கிளட்ச் எரிந்திருக்கிறது. பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் கூலன்ட் கசிந்து ஆயிலோடு கலந்திருக்கிறது. அப்போது முதலில் ரேடியேட்டரை மாற்றுங்கள். கிளட்ச் லைனிங்கின் பசையை கூலன்ட் இளக்கிவிடுவதால் கியர்பாக்ஸையும் பிரிக்க நேரிடும். ஏழு கியர் 722.9 வைத்திருப்பவர்கள் இந்த எண்ணில் வாங்காதீர்கள். அதில் கம்ப்யூட்டரே பிளேட்டோடு சேர்ந்து வரும், ஆன்லைன் கோடிங் இல்லாமல் வண்டி நகராது. 722.6-க்கு அந்தக் கோடிங் தேவையில்லை, அடாப்டேஷனை (கம்ப்யூட்டர் பழகி வைத்திருக்கும் கியர் மாற்ற அளவுகளை) ரீசெட் செய்தால் போதும்.