வீடு கட்டுபவர்களே, மாதாமாதம் வரும் 'எர்ன்டு வேல்யூ' ரிப்போர்ட்டை அப்படியே நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் அப்பா அம்மாவுக்காக ஒரு வீடு கட்டக் கொடுத்தேன். 60 லட்சம், 12 மாதம் என்று ஒப்பந்தம். எனக்குச் சென்னையில் வேலை. நேரில் நின்று பார்க்க முடியாது என்பது ஒப்பந்ததாரருக்குத் தெரியும். "கவலையே படாதீங்க மேடம், மாசாமாசம் எர்ன்டு வேல்யூ ரிப்போர்ட் அனுப்பிடுவோம், பெரிய கம்பெனி ப்ராஜெக்ட் மாதிரி" என்றார். கொடுத்த பணத்துக்கும் நாளுக்கும் எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்று காட்டும் கணக்கு அது. அட்டவணையும் வரைபடமுமாக ரிப்போர்ட் தவறாமல் வந்தது. ஆறாம் மாதம் வந்ததில், வேலை 60 சதவீதம் முடிந்தது, ஷெட்யூலை விட 20 சதவீதம் முன்னால் இருக்கிறோம் என்று போட்டிருந்தார்கள். அதுவரை நான் கொடுத்திருந்தது 36 லட்சம்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா போனில் சொன்னார்: "ஒரு கொத்தனாரும் ரெண்டு சித்தாளும்தாம்மா வர்றாங்க. மாடிப்படி சென்ட்ரிங் அடிச்சு கம்பி கட்டினதோட அப்படியே நிக்குது."

ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். இந்த முறையில் அடிப்படை மூன்றே தொகைகள். இந்தத் தேதிக்குள் எவ்வளவு ரூபாய்க்கான வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது திட்டமிட்ட மதிப்பு. நிஜமாக முடிந்த வேலைக்கு என்ன மதிப்பு என்பது ஈட்டிய மதிப்பு. செலவான பணம் உண்மைச் செலவு. ஈட்டியதைச் செலவால் வகுத்தால் சி.பி.ஐ. என்ற செலவுக் குறியீடு, திட்டமிட்டதால் வகுத்தால் எஸ்.பி.ஐ. என்ற கால அட்டவணைக் குறியீடு. ஒன்றுக்குக் கீழே இறங்கினால் பணமோ நாளோ கையை மீறுகிறது என்று அர்த்தம்.

எனக்கு வந்த ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் சி.பி.ஐ. சரியாக 1.00. மழை பெய்து, கம்பி விலை ஏறி, ஆள் வராமல் போகிற ஒரு கட்டட வேலையில் இது நடக்கவே நடக்காது. நான் கொடுத்த பணத்தை அப்படியே 'ஈட்டிய மதிப்பு' கட்டத்தில் போட்டிருந்தார்கள். பணம் செலவாகிவிட்டால் வேலை முடிந்துவிட்டதாகக் கணக்குக் காட்டக் கூடாது என்பதற்காகத்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967-இல் தன் ஒப்பந்ததாரர்களுக்கு இந்த முறையின் விதிகளைக் கொண்டுவந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டே அதே மோசடியை எனக்குச் செய்திருக்கிறார்கள்.

பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்ற ஒரு பொறியாளரை அழைத்துப் போனேன். அரசு வேலைகளில் அளவுகளைப் பதியும் எம்-புக் எழுதுகிற மாதிரி டேப் பிடித்து ஒவ்வொன்றாக அளந்தார். நடந்திருந்தது 22 லட்சத்துக்கான வேலை. மீதி 14 லட்சம் எங்கே என்பதையும் அவரே பிரித்துக் காட்டினார். பேஸ்மென்ட் முடிந்ததும் 25 சதவீதம், அதாவது 15 லட்சம் வாங்கியிருந்தார்கள். கடைக்காலையும் சேர்த்து அளந்தால் அங்கே 8 லட்சத்துக்குத்தான் வேலை. ஷெட்டில் அடுக்கி வைத்த டைல்ஸும் மரமும் 5 லட்சம். அவற்றைத் தரை போட்டு, கதவு மாட்டி முடித்ததாகக் காட்டியிருந்தார்கள். பூச்சு வேலை '80 சதவீதம்' என்று 2 லட்சம். சுவரில் கரண்ட் பைப்புக்கு வெட்டிய காடி கூட இன்னும் மூடவில்லை.

22-ஐ 36-ஆல் வகுத்தால் உண்மையான சி.பி.ஐ. 0.61. இதே போக்கில் போனால் 60 லட்ச ரூபாய் வீடு முடிய 98 லட்சம் ஆகும். இதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பாவின் ஓய்வூதியப் பணமும் இதில் இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் மாத ரிப்போர்ட்டில் ஆறாம் மாதத்துக்கான திட்டமிட்ட மதிப்பு 34 லட்சம் என்று இருந்தது. பிறகு வந்தவற்றில் அது சத்தமில்லாமல் 30 ஆகிவிட்டது. திட்டத்தையே இறக்கிவிட்டால் யாரும் முன்னால்தானே இருப்பார்கள்! அசல் திட்டப்படி எஸ்.பி.ஐ. 0.65. கேட்டதற்கு, "அது ரிவைஸ்டு பேஸ்லைன் மேடம்" என்றார் ஒப்பந்ததாரர், அதாவது திருத்திய திட்டமாம். என்னிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

அதனால் கையெழுத்துப் போடும்போதே பேசிவிடுங்கள். முதல் திட்டம் மாறக் கூடாது. மாறினால் உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். இறக்கி வைத்த சாமான் தனி வரியில் வர வேண்டும், முடிந்த வேலையோடு சேரக் கூடாது. '80 சதவீதம்' என்ற வாய்க்கணக்கே வேண்டாம்: சின்னச் சின்ன வேலையாகப் பிரித்து, முழுதாக முடிந்தால் முழு மதிப்பு, இல்லாவிட்டால் பூஜ்யம். அளப்பவர் ஒப்பந்ததாரரிடம் சம்பளம் வாங்காதவராக இருக்கட்டும். கடைசி மாதங்களில் எஸ்.பி.ஐ.-யைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இரண்டு வருடம் தாமதமானாலும் வேலை முடிகிறபோது அது 1-க்கு வந்துவிடும். அப்போது தேதியைத்தான் பார்க்க வேண்டும். குறியீடு ரூபாயை மட்டுமே எண்ணும், எந்த வேலை முதலில் முடிய வேண்டும் என்ற வரிசையை எண்ணாது. என் வீட்டில் மாடிப்படி வேலை பாதியில் நின்றிருக்க, சுலபமான காம்பவுண்டு சுவரைக் கட்டி மதிப்பைக் கூட்டியிருந்தார்கள்.

அடுத்த தவணையை நிறுத்திவிட்டேன். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இந்த நிலையில் நீங்களும் இருந்தால், வந்த ரிப்போர்ட் ஒன்றைக் கூட அழிக்காதீர்கள். எண்கள் மாதாமாதம் மாறியதற்கு அவைதான் சாட்சி.