17 முதல் 21 வரை: இலங்கையின் ஐந்து அரசியலமைப்புத் திருத்தங்கள், ஆட்சியில் ஒன்றும் எதிரணியில் ஒன்றுமாக

2020 ஒக்டோபர் 22 அன்று இலங்கைப் பாராளுமன்றத்தில் 156 பேர் 20ஆம் திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஜனாதிபதியிடம் அதிகாரத்தைக் குவித்த திருத்தம் அது. 2022 ஒக்டோபர் 21 அன்று, இரண்டு வருடம் நிறைய ஒரு நாள் இருக்கும்போது, அதே பாராளுமன்றம் அதன் பெரும்பகுதியைத் திருப்பிப் போட்ட 21ஆம் திருத்தத்தை 179 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. இடையில் பொதுத் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. பொருளாதாரம் சரிந்தது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு ஓடினார், அவ்வளவுதான் மாறியது.

ஆகவே ஆட்சியிலும் எதிரணியிலும் கட்சிகள் எப்படி மாறின என்று ஒப்பிட, எந்தக் கட்சி என்ன பேசியது என்று தொகுப்பதில் பெரிய பயன் இல்லை. பேச்சை வைத்துப் பார்த்தால் எல்லாரும் ஒன்றுதான். நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை (ஆட்சி அதிகாரம் ஜனாதிபதியின் கையில் இருக்கும் முறையை) ஒழிப்பேன் என்று சந்திரிகா குமாரதுங்க 1994இல் சொன்னார், 1995 ஜூலை 15 என்று நாளும் குறித்தார். பதினொரு வருடம் அதே கதிரையில் இருந்தார். மைத்திரிபால சிறிசேன 2015இல் சொன்னார். 2018இல் ஒழிப்புக்கான சட்டமூலத்தைக் கொண்டுவந்த மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் 2024இல் அதே முறையின் கீழ் ஜனாதிபதியானார். 1978இல் இந்த முறையை உருவாக்கிய ஐக்கிய தேசியக் கட்சி 1994இல் ஆட்சியை இழந்த பிறகுதான் அதன் கொடுமையைப் பேசத் தொடங்கியது. ஒப்பிட வேண்டியது சட்ட வாசகங்களை. எழுதியவனையே எந்த வாசகம் கட்டியது, எது அடுத்தவனை மட்டும் கட்டியது என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

நியமனங்கள்: 17, 18, 19

நீதியரசர்கள், பொலிஸ் மா அதிபர், தேர்தல் ஆணைக்குழு போன்ற நியமனங்களை யார் செய்வது என்பதுதான் சண்டையின் மையம். 2001 ஒக்டோபரில் வந்த 17ஆம் திருத்தம், பெரும்பான்மை இழந்து தள்ளாடிய சந்திரிகா அரசிடமிருந்து மக்கள் விடுதலை முன்னணி தன் ஆதரவுக்கு விலையாகப் பெற்றது. பத்துப் பேர் கொண்ட அரசியலமைப்புப் பேரவை: சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் மூவரும் பதவிவழி உறுப்பினர்கள். மீதி ஏழு பேரில் ஒருவரை ஜனாதிபதியும், ஐவரைப் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்தும், ஒருவரைச் சிறு கட்சிகளும் முன்மொழிய வேண்டும். அந்த ஏழு பேரும் கட்சி சாராதவர்களாக இருக்க வேண்டும். காகிதத்தில் ஐந்து திருத்தங்களிலும் சிறந்த அமைப்பு இதுதான் என்பேன்.

ஓட்டை வேறிடத்தில் இருந்தது. பேரவை பரிந்துரைத்தவரை ஜனாதிபதி நியமிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று சட்டம் சொல்லவில்லை. தேர்தல் ஆணைக்குழுத் தலைவருக்கான பரிந்துரையைச் சந்திரிகா ஏற்கவில்லை. ஆணைக்குழு அமையவே இல்லை. 2005இல் பேரவையின் காலம் முடிந்தது. பத்தாவது உறுப்பினர் விடயத்தில் சிறு கட்சிகள் உடன்படவில்லை என்பதைக் காரணம் காட்டி அடுத்து ஜனாதிபதியான மஹிந்த ராஜபக்ஷ புதிய பேரவையை அமைக்காமல் விட்டு, ஆணைக்குழு உறுப்பினர்களைத் தானே நேரடியாக நியமித்தார். ஒரு சட்டத்தை நீக்காமலே சாகடிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

2010 செப்டம்பர் 8இல் 18ஆம் திருத்தம். 161க்கு 17. பேரவையின் இடத்தில் ஐவர் கொண்ட பாராளுமன்றப் பேரவை வந்தது. ஐவரும் பாராளுமன்ற உறுப்பினர்கள். அது கருத்துச் சொல்லலாம், ஜனாதிபதி கேட்க வேண்டியதில்லை. இருமுறைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பும் போனது. இது அவசர சட்டமூலமாக வந்தது. உயர் நீதிமன்றத்துக்கு ஆராய நாட்கணக்கில்தான் அவகாசம் இருந்தது. பிரதான எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி வாக்கெடுப்பைப் புறக்கணித்தது, அதிலிருந்து சிலர் அரசுப் பக்கம் தாவினார்கள். அன்று ஆதரித்து வாக்களித்த அமைச்சர்களில் ஒருவர் மைத்திரிபால சிறிசேன.

அவரே ஜனாதிபதியாகி 2015 ஏப்ரல் 28இல் 19ஆம் திருத்தத்தை நிறைவேற்றினார்: 212க்கு 1. 18க்குக் கை உயர்த்திய பலர் இதற்கும் உயர்த்தினார்கள். பேரவை மீண்டும் பத்துப் பேர், ஆனால் இம்முறை எழுவர் பாராளுமன்ற உறுப்பினர்கள், மூவர்தான் வெளியார். கட்சிகள் விட்டுக்கொடுக்காத இடம் அது. அதற்கு ஈடாக 17இன் ஓட்டை அடைபட்டது: ஆணைக்குழுக்களுக்குப் பேரவை பரிந்துரைத்தவர்களை 14 நாளுக்குள் ஜனாதிபதி நியமிக்காவிட்டால் அவர்கள் நியமிக்கப்பட்டதாகவே கருதப்படுவார்கள். நல்லெண்ணத்தை நம்பாத வரி இது. ஐந்து திருத்தங்களிலும் நான் அதிகம் மதிக்கும் வரியும் இதுதான்.

20 மறுபடி 18இன் வழியில் ஐவர் பேரவைக்குப் போனது. கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவும் தேசியப் பெறுகை ஆணைக்குழுவும் ஒழிந்தன. 21 பத்துப் பேர் பேரவையையும் இவ்விரு ஆணைக்குழுக்களையும் மீட்டது. ஆனாலும் 2024இல் பொலிஸ் மா அதிபர் நியமனத்தில் பேரவையில் போதிய வாக்கு கிடைத்ததா என்ற வழக்கு எழுந்து, ஜூலை 24இல் அவரை இடைநிறுத்தி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு இட்டது. வாக்கு எண்ணும் விதியில் தெளிவின்மை இருந்தால், ஆட்சியில் இருப்பவர் அதைத் தன் பக்கமே வாசிப்பார்.

பதவிக்காலமும் கலைப்பும்

19 ஜனாதிபதியின் காலத்தை 6இலிருந்து 5 வருடமாக்கியது, இருமுறை வரம்பைத் திருப்பிக் கொண்டுவந்தது. முக்கியம் என்னவென்றால், அப்போது பதவியில் இருந்தவருக்கும் அது பொருந்தியது. 2018 ஜனவரியில் மைத்திரிபால தனக்கு ஆறு வருடம் உண்டா என்று உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். ஐந்துதான் என்று பதில் வந்தது. தானே பெருமையோடு கொண்டுவந்த விதி தன்மேல் விழும்போது தப்ப வழி தேடினார். இடைக்கால ஏற்பாடு, அதாவது பழைய விதியிலிருந்து புதியதற்கு மாறும் காலத்துக்கான விதி, தெளிவாக எழுதப்பட்டிருந்ததால் வழி இருக்கவில்லை.

பாராளுமன்றத்தைக் கலைப்பதிலும் இதே கதை. 1978 யாப்பில் பொதுத் தேர்தல் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு ஜனாதிபதி தன் விருப்பப்படி கலைக்கலாம். 19 அதை நாலரை வருடமாக்கியது. அதற்கு முன் கலைக்க மூன்றில் இரண்டு பெரும்பான்மைப் பிரேரணை வேண்டும். 2018 ஒக்டோபர் 26இல் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கிய மைத்திரிபால, பெரும்பான்மை கிடைக்காதபோது நவம்பர் 9இல் பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13இல் வழக்கை விசாரித்த உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். அன்று அரசியலமைப்பின் காவலனாக நின்ற ரணில் ஜனாதிபதியானபின், 2023இல் உள்ளூராட்சித் தேர்தல் நிதி இல்லை என்று தள்ளிப்போடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

20 கலைப்புக் காலத்தை இரண்டரை வருடமாக்கியது. 21 நாலரைக்குத் திரும்பவில்லை, இரண்டரையிலேயே விட்டது. 19ஐ மீட்டோம் என்று மேடைகளில் சொன்னவர்கள் இந்த இடத்தைத் தொடுவதில்லை. அதனால் கேள்வி இல்லாமல் எனக்கு 19தான் மேல்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர் பாராளுமன்றத்துக்கு வரலாமா என்ற விடயம் சின்னது. 19 தடுத்தது, 20 அனுமதித்தது, அந்த வழியால் 2021 ஜூலையில் பசில் ராஜபக்ஷ தேசியப் பட்டியலில் உள்ளே வந்தார், 21 மீண்டும் தடுத்தது.

சிறுபான்மைக் கட்சிகளின் கணக்கு

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 18ஐ எதிர்த்தது, 19ஐ ஆதரித்தது, 20ஐ எதிர்த்தது. நேர்கோடு. ஆனால் அது கொழும்பில் அமைச்சுப் பதவி வகித்த கட்சி இல்லை. அதிகாரம் கையில் வந்து சோதித்த நேர்மை என்று இதைச் சொல்ல முடியாது. முஸ்லிம் காங்கிரஸ் 18க்கும் வாக்களித்தது, 19க்கும் வாக்களித்தது. 20இல் தலைவர் எதிர்த்தார், அவரது கட்சி உறுப்பினர்கள் நால்வர் ஆதரித்தார்கள். எதிரணியிலிருந்து வந்த எட்டு வாக்குகள் இல்லாவிட்டால் 20க்கு வேண்டிய 150 (225 பேர் சபையில் மூன்றில் இரண்டு) கிடைத்திருக்காது.

அடுத்த சட்டமூலம் வரும்போது

2024 நவம்பரில் மக்கள் விடுதலை முன்னணி தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனங்கள் கிடைத்தன, திருத்தம் நிறைவேற்ற 150 போதும். ஜனாதிபதி முறையை முழுதாக ஒழிப்பதற்கு அதற்குமேல் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். வர்த்தமானியில் சட்டமூலம் வந்ததும் முன்னுரையை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். இடைக்கால ஏற்பாடுகள் அங்கேதான் இருக்கும். 2000 ஓகஸ்டில் சந்திரிகாவின் யாப்பு வரைபு ஜனாதிபதி முறையை ஒழித்தது, ஆனால் அவரது மீதிக் காலத்துக்கு அதிகாரத்தை அவரிடமே விட்டது. ஐக்கிய தேசியக் கட்சி சபையிலேயே வரைபை எரித்தது. எரித்தது வெட்கக்கேடு, அவர்கள் பிடித்த வாசகம் சரியான வாசகம்.

அடுத்து, "நியமிக்க வேண்டும்" என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நாளுக்குள் என்று பாருங்கள். தவறினால் என்ன என்று பாருங்கள். பிறகு குழுநிலைத் திருத்தங்கள், அதாவது சபை சட்டமூலத்தை வாசகம் வாசகமாக ஆராயும் கட்டத்தில் செய்யும் மாற்றங்கள். இரண்டாம் வாசிப்பு முடிந்து ஊடகங்கள் எழுந்து போன பிறகு வாசகம் மாறுவது அங்கேதான். வர்த்தமானியில் வந்த பிரதியையும் சபாநாயகர் சான்றுப்படுத்திய பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்ற வாக்குறுதிக்கும் இதே அளவுகோல்தான்: 1979இல் தற்காலிகம் என்று வந்து 1982இல் நிரந்தரமான சட்டம் அது, எதிரணியில் அதைக் கண்டித்தவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகும் அதன்கீழ் கைதுகள் நடந்தன. நீக்கும் சட்டமூலம் வந்தால், எந்தத் திகதியிலிருந்து, ஏற்கெனவே தடுப்பில் இருப்பவர்களுக்கும் சேர்த்தா என்ற இரண்டு வரிகளை முதலில் தேடுங்கள்.