லீப்ஃப்ராக் வொர்க்ஸ்: சுரங்கப்பாதை வேலைக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

சுரங்கப்பாதைத் திட்டங்களுக்கு நிலவியல் மாதிரி (நிலத்தடிப் பாறைகளின் முப்பரிமாண வரைவு) அமைப்பவர்களிடம் பரவலாகப் புழங்கும் மென்பொருள்களில் ஒன்று, சீக்வென்ட் நிறுவனத்தின் லீப்ஃப்ராக் வொர்க்ஸ். கனிமத் துறைக்கென உருவான லீப்ஃப்ராக்கின் வழியில், கட்டுமானப் பணிகளுக்காக 2017இல் இது வெளிவந்தது. 2021இல் சீக்வென்ட்டை பென்ட்லி சிஸ்டம்ஸ் வாங்கிக்கொண்டது. இதன் வேகத்தையும் ஒழுங்கையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இது வரைந்து தரும் பாறை எல்லையைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வது ஆபத்து.

நிலத்தடியை அறியப் போடும் ஆய்வுத்துளைகளின் வாய் இருக்கும் இடம், துளையின் சாய்வு, ஆழவாரியான பாறைப் பதிவு ஆகிய அட்டவணைகளை ஏற்றும்போதே, ஒன்றன்மேல் ஒன்று படியும் ஆழ இடைவெளிகளையும், துளையின் மொத்த ஆழத்தைத் தாண்டிய பதிவுகளையும் இது பிழை என்று சுட்டிக்காட்டிவிடுகிறது. நிலத்தை வெட்டிப் பார்த்ததுபோல் காட்டும் வெட்டுமுகங்களைக் கையால் வரைந்த காலத்தில் புதிதாக ஓர் ஆய்வுத்துளை போட்டால் பல படங்களைத் திருத்த வேண்டியிருக்கும். இங்கே அந்தத் துளையின் பதிவைச் சேர்த்ததும் அதைச் சார்ந்த எல்லைப் பரப்புகள், நெடுவெட்டுகள் (பாதையின் நீளவாக்கிலான வெட்டுமுகங்கள்) எல்லாம் மறுபடி கணக்கிடப்படுகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது காலவரிசைப் பகுதிதான். ஒவ்வொரு எல்லையும் படிவா (அடுக்காகப் படிந்ததா), அரிப்பா (முந்தைய பாறையை அரித்து உண்டானதா), ஊடுருவலா (வேறு பாறைக்குள் புகுந்ததா) என்பதையும், எது முந்தியது, எது பிந்தியது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். வரிசையை மாற்றினால் எந்தப் பாறை எதை வெட்டிச் செல்கிறது என்பதே மாறிவிடுவதால், நிலவியலைச் சிந்திக்காமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

குறை, துளைகளுக்கு இடையே உள்ளதைக் கணக்கிட்டு நிரப்பும் இடைக்கணிப்பின் இயல்பிலேயே இருக்கிறது. பாதைக்கு மேலே மண்ணும் பாறையும் தடிமனாக உள்ள மலைப்பகுதிகளில் ஆய்வுத்துளைகள் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளித்தள்ளியே அமையும். துளையை ஒட்டிய இடத்திலும், எந்தத் தரவும் இல்லாத நடுவெளியிலும் திரையில் தெரியும் பரப்பு ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும். சுவிட்சர்லாந்தில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு அடிவாரச் சுரங்கப்பாதையின் பியோரா பகுதியை எண்ணிப்பாருங்கள்: மேல்மட்டத்தில் நீர் நிறைந்து சர்க்கரைபோல் உதிரும் டோலமைட் பாறை இருந்தது, பாதை செல்லும் ஆழத்திலோ நீரில்லாத உறுதியான பாறை இருப்பதை ஆழமான ஆய்வுத்துளைகளே காட்டின. மேலே கிடைத்த தரவை மட்டும் கீழே நீட்டும் எந்தக் கணக்கும் அதைச் சொல்லியிருக்காது.

அதனால் பாதையின் நெடுக, மிக அருகிலுள்ள துளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை நிறங்களாகப் பிரித்து, பாறை வகையோடு சேர்த்தே வடிவமைப்பாளரிடம் கொடுக்கிறேன்; பிளவுப்பெயர்ச்சியின் (பாறை பிளந்து நகர்ந்த தளத்தின்) சாய்வு உறுதியாகத் தெரியாத இடத்தில் இரண்டு மாதிரிகள் அமைத்து, இரண்டையும் அனுப்புகிறேன். இதற்கெல்லாம் மென்பொருள் இடம் தருகிறது, ஆனால் தானாகச் செய்வதில்லை.

சந்தா கட்டிப் பயன்படுத்த வேண்டிய மென்பொருள் என்பதால், தரவு வந்துகொண்டே இருக்கும் நீண்ட திட்டங்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன். ஐந்தாறு துளைகளோடு ஆய்வு முடிந்துவிடும் சிறிய வேலைக்கு, அந்த நிலத்தை நடந்து பார்த்த நிலவியலாளர் வரைந்த ஒரு நெடுவெட்டே போதும்.