அடிக்கடி லூசிட் ட்ரீம் வந்தால் தூக்கம் கெடுமா? பல வருடப் பழக்கத்தில் நான் பார்த்தது

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று நமக்குத் தெரிந்துவிட்டால் அதை லூசிட் ட்ரீம் என்கிறார்கள். புதிதாகப் பழகுபவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, இதை எப்படி வரவழைப்பது என்று. கொஞ்ச நாள் போனதும் கேள்வி மாறிவிடுகிறது: ராத்திரி முழுக்க விழித்தே கிடந்த மாதிரி இருக்கிறதே, இது உடம்புக்கு ஆகுமா? நான் இதைப் பல வருடமாகச் செய்கிறேன். வாரத்தில் பல தடவை வந்த காலமும் உண்டு, மாதக்கணக்கில் எட்டிக்கூடப் பார்க்காத காலமும் உண்டு. இரண்டையும் அனுபவித்த பிறகு நான் சொல்வது: கனவு என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை, அதை வரவழைக்க வைத்த அலாரம்தான் கெடுத்தது.

ஏன் என்று புரிய, தூக்கம் எப்படி ஓடுகிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும். ஒரு ராத்திரித் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். கனவு அதிகம் வரும் ரெம் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும், லூசிட் ட்ரீம் பெரும்பாலும் வருவதும் அந்தக் கடைசிப் பகுதியில்தான். ஆகவே இயல்பாக ஒரு லூசிட் ட்ரீம் வரும் நேரத்தில் ஆழ்ந்த தூக்கம் ஏற்கெனவே நமக்குக் கிடைத்துவிட்டிருக்கும். அந்த நேரத்தில் நாம் நிஜமாகவே தூங்கிக்கொண்டுதான் இருக்கிறோமா என்ற சந்தேகத்துக்கும் பதில் உண்டு. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் நடத்திய சோதனையில், ஆலன் வொர்ஸ்லி என்பவர் கனவுக்குள் இருந்தபடியே முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமுமாக அசைத்துச் சைகை காட்டினார். கருவியில் பதிவானது சுத்தமான ரெம் தூக்கம். பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜும் தனியாக இதையே செய்து காட்டினார். உடம்பு தூங்குகிறது, சந்தேகமே வேண்டாம்.

இப்போது அலாரத்துக்கு வருகிறேன். பலரும் பின்பற்றும் முறை இது: ஐந்து மணி நேரம் போலத் தூங்கிவிட்டு அலாரம் வைத்து எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, "அடுத்த தடவை கனவு வரும்போது இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பப் படுப்பது. இந்தச் சொல்லிக்கொள்ளும் முறைக்கு மைல்ட் என்று பெயர், லபெர்ஜ் உருவாக்கியது. வேலை செய்யுமா என்றால், செய்கிறது. ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் சொல்லி முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிப்போனவர்களுக்கு 46 சதவீத முயற்சிகளில் லூசிட் ட்ரீம் வந்திருக்கிறது. கனவு வந்தவர்கள் மறுநாள் தூக்கக் குறைவோடு இருந்ததாகவும் தெரியவில்லை.

அந்த "ஐந்து நிமிடத்துக்குள்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எனக்குச் சட்டென்று தூக்கம் பிடித்த நாட்களில் கனவும் வந்தது, காலையில் தலையும் தெளிவாக இருந்தது. பிடிக்காத நாட்களில் நாலரை மணியிலிருந்து சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன், பால்காரர் பைக் சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் வரும், அவ்வளவுதான், விடிந்துவிடும். அன்று நான் இழந்தது ராத்திரியிலேயே நீளமான ரெம் தூக்கம், அதற்குப் பதிலாகக் கனவும் இல்லை. அப்படிப்பட்ட காலையில் பைக் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பைபாஸில் கண் சொக்கினால் அது சின்ன விஷயமே இல்லை. அப்புறம், நம் வீடுகளில் பலருக்கும் தனி அறை கிடையாது, குழந்தையும் அதே அறையில்தான் படுத்திருக்கும். ஒருவருடைய கனவுக்காக மூன்று பேர் விழிக்கக் கூடாது. வேலை நாளில் அலாரம் வைப்பதை நான் முழுவதுமாக நிறுத்தியதற்கு இந்த இரண்டுமே காரணம்.

மார்கழி மாதம் மட்டும் கதை வேறு. எங்கள் தெருக் கோயில் ஸ்பீக்கரில் விடியும் முன்பே திருப்பாவை ஆரம்பித்துவிடும். அது அலாரம் மாதிரி தூக்கிவாரிப்போடாது, பாதி விழிப்பு வரும், குளிருக்குப் போர்வையை இழுத்து மூடினால் அப்படியே மறுபடியும் தூக்கத்துக்குள் போய்விடலாம். எழுந்து உட்காரவும் வேண்டாம், லைட் போடவும் வேண்டாம். வருடா வருடம் என் கனவு நோட்டில் மார்கழிப் பக்கங்கள்தான் நிறைந்திருக்கின்றன, அந்த மாதத்தில் பகலில் அலுப்பும் தெரிவதில்லை. கனவின் எண்ணிக்கையைவிட எப்படி விழிக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் புரியவைத்தது இந்த மார்கழிகள்தான்.

கனவுக்குள் என்ன செய்கிறோம் என்பதும் கணக்கில் வரும். லூசிட் ஆனதும் எல்லாருக்கும் முதலில் பறக்கத்தான் ஆசை. எனக்குப் பறந்தால் நெஞ்சு படபடவென்று அடித்து உடனே விழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கம் வராது. இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டு, தரையைப் பார்த்து, கனவு நிலைக்கும் வரை அமைதியாக நின்றால் நெடுநேரம் நீடிக்கும். ஊரில் கண்மாய்க் கரையில் சும்மா நடந்த கனவுகளும், இறந்துபோன தாத்தாவோடு திண்ணையில் உட்கார்ந்து பேசிய கனவும் நான் பெற்ற பெரிய கொடைகள் என்றே நினைக்கிறேன். அந்த நாட்களில் எழுந்திருக்கும்போது இருந்த தெம்பு சாதாரணத் தூக்கத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. ஜெர்மனியில் மைக்கேல் ஷ்ரெடல் குழுவினர் டைரி எழுதவைத்து 2020இல் வெளியிட்ட ஆய்விலும், லூசிட் ட்ரீம் வந்த ராத்திரிக்குப் பிறகு ஆட்கள் புத்துணர்ச்சியாக உணர்ந்ததாகத்தான் வந்திருக்கிறது.

களைப்பைத் தருகிற ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: பொய் விழிப்பு. கனவிலேயே எழுந்து, பல் தேய்த்து, காபி குடித்து, சட்டை மாட்டிக் கிளம்பி, அதற்குப் பிறகு நிஜமாகவே கண் திறந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். ஒரே காலையில் இது அடுத்தடுத்து நடந்தால் எழும்போதே சலித்துப்போகும். இன்னொன்று அமுக்குவான். பேய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்குகிறது என்று பாட்டிகள் சொல்வார்களே, அதுதான். ரெம் தூக்கத்தில் கை கால் அசையாமல் உடம்பு தானே பூட்டிவைத்திருக்கும், அந்தப் பூட்டு விலகும் முன் மனம் விழித்துக்கொண்டால் இந்த நிலை வருகிறது. சீக்கிரமே தானாக விலகிவிடும், ஆபத்து இல்லை, ஆனால் பயம் நிஜம். விழிப்பை விடாமலே நேராகக் கனவுக்குள் நுழையப் பார்க்கும் முறையில்தான் எனக்கு இது அதிகம் வந்தது, அந்த முறையை விட்டதும் குறைந்துவிட்டது.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் கோடுகளை வைத்து "எனக்கு ரெம் குறைந்துவிட்டது" என்று கவலைப்படாதீர்கள். கையில் கட்டியது அசைவையும் இதயத் துடிப்பையும் வைத்துத் தோராயமாகக் கணக்கிடுகிறது, மூளையலையை அது பார்ப்பதில்லை. மதியம் மூன்று மணிக்கு உங்கள் தலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள், அதைத்தான் நான் நம்புகிறேன்.

மாத்திரைப் பக்கம் போகவே வேண்டாம். கேலன்டமைன் எடுத்தால் லூசிட் ட்ரீம் அதிகமாகிறது என்று லபெர்ஜ் குழுவின் 2018 ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் அது அல்சைமர் நோய்க்கு டாக்டர் எழுதித் தரும் மருந்து. ஏற்கெனவே தூக்கம் வராமல் அவதிப்படுபவர்களும், எது நிஜம் எது கனவு என்று பகலிலேயே குழப்பம் வருபவர்களும் இந்தப் பழக்கத்தைத் தொடாமல் டாக்டரிடம் பேசுவது நல்லது.

பழகாமலே தானாக அடிக்கடி வருகிறது, நிறுத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு: காலையில் அலுப்பு இல்லை என்றால் அப்படியே விடுங்கள். இருந்தால், கனவை எழுதிவைப்பதையும், பகலில் விரலை எண்ணிப் பார்த்து "இது கனவா" என்று சோதிப்பதையும் நிறுத்திவிட்டு, சீக்கிரம் படுத்துத் தூக்க நேரத்தைக் கூட்டுங்கள். எனக்குச் சில வாரங்களில் குறைந்தது. கனவுக்குள் தெரிந்துவிட்டாலும் எதையும் மாற்ற முயலாமல் அதன் போக்கில் விட்டேன், பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் நினைவு கலைந்து சாதாரணக் கனவாகிவிடும்.