பின்பனிக் காலத்தில் ஒரு 8×42 பைனாகுலர்

கார்த்திகைக் கடைசியில் வாங்கிய பைனாகுலரைத் தை, மாசி இரண்டு மாதமும் காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டில் வைத்துப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். விலை பதினோராயிரம் ரூபாய். எடை ஏறத்தாழ 650 கிராம். இந்த விலையில் பல நிறுவனங்களின் கருவிகள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் கிடைப்பதால், நிறுவனத்தின் பெயரைச் சொல்வதைவிட 8×42 என்ற அளவு வீட்டுக்கு ஏற்றதா என்று சொல்வதே வாங்குபவருக்குப் பயன்படும்.

எட்டு என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்காரர் பன்னிரண்டு மடங்குக் கருவியைத்தான் வற்புறுத்தினார். ஆனால் உருப்பெருக்கம் கூடக்கூடக் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகித் தெரியும். பார்வைப் பரப்பும் பொதுவாகச் சுருங்கிவிடும். எங்கள் பின்கட்டைத் தாண்டியுள்ள தோட்டத்தில் மிகத் தொலைவான மரமே முப்பது மீட்டருக்குள் நிற்கிறது. அங்கே கல்யாண முருங்கை இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூத்திருக்கும் இந்த நாட்களில், மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டும் ஒரே கிளைக்கு வந்து போகின்றன. கிளை முழுவதும் ஒரே பார்வையில் அடங்க வேண்டுமென்றால் எட்டு மடங்கே சரியானது.

இதைவிட முக்கியமானது வெளிச்சம். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர் வருகிறது. கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் அகலம் அது. பத்து மடங்குக் கருவியில் இதே முன்கண்ணாடி 4.2 மில்லிமீட்டரைத்தான் தரும். நண்பகலில் இந்த வேறுபாடு தெரியாது. பனி விலகாத விடியற்காலையிலும், விளக்கு வைக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பூட்டிய மாடியின் சன்னல் மேல் கூகை வந்து உட்காரும்போதும், கண்மணி விரிந்திருப்பதால் நன்றாகவே தெரிகிறது. வெறுங்கண்ணுக்கு வெளிறிய ஓர் உருவமாக மட்டும் இருந்த அந்தக் கூகையின் இதயவடிவ முகத்தை, அந்த வீட்டு வாசலைப் பல ஆண்டுகள் கடந்து போன பிறகு, இந்தத் தையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இரண்டு மீட்டர் தொலைவிலுள்ளதையும் தெளிவாகக் காட்டுவது இன்னொரு நிறை. முற்றத்துத் தூணோரம் வெயில் காயும் ஓணானையும், வளவுக்குள் துணிந்து வரும் அணிலையும், பட்டாலை என்னும் உயர்ந்த உள்திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மூக்குக்கண்ணாடி அணியும் அப்பத்தா, கண்குழலின் ரப்பர் வளையத்தைக் கீழே திருகிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றாமலேயே பார்த்தார்கள். மாமரத்து மாங்குயிலின் கண்ணோரக் கருங்கோடு தெரிகிறது என்று அவர்கள் தாமாகவே சொன்னார்கள்; அதற்கு மேல் எனக்குச் சோதனை தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. அண்மையிலிருந்து தொலைவுக்கு மாற்றக் குவியச் சக்கரத்தை ஒன்றரைச் சுற்றுத் திருப்ப வேண்டியிருப்பதால், ஓரிடத்தில் நில்லாத தையல்சிட்டு பலமுறை கைநழுவிப் போகிறது. வெளுத்த வானத்தின் முன் கரிச்சானைப் பார்த்தால் அதன் ஓரத்தில் ஊதா விளிம்பு தெரிகிறது. கழுத்துவார் மிகவும் ஒடுக்கம். அரை மணி நேரத்தில் பிடரி வலிக்கும். குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் கண்ணாடியில் ஈரம் படர்ந்துவிடும் என்பது இக்கருவிக்கு மட்டும் உரிய குறையன்று. இரவில் பட்டாலையிலேயே வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

தொலைவில் எப்படி என்றறியச் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள வேட்டங்குடி சரணாலயத்துக்கும் எடுத்துச் சென்றேன். பறவைகள் அஞ்சக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களின் கண்மாய் அது. 1977 முதல் சரணாலயமாக இருக்கிறது. கரையோர மரங்களில் நின்ற நத்தைகுத்தி நாரைகளின் அலகிடை இடைவெளி துலக்கமாகத் தெரிந்தது. நீருக்கு நடுவே நின்றவற்றுக்கு எட்டு மடங்கு போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கண்மாய்களுக்கே அடிக்கடி செல்பவர் பத்து மடங்கு வாங்கலாம். வீட்டைச் சுற்றிப் பார்ப்பவருக்கு அது வேண்டாம்.

எங்கள் ஊர்ச் செம்மண் தூசு கண்ணாடியைக் கீறிவிடும். ஆகவே முதலில் ஊதுகுமிழால் தூசைப் போக்கி, அதன் பின்னரே உடன் வந்த மென்துணியால் துடைக்கிறேன்.

தைப் பிறப்பன்று கல்யாண முருங்கைக்கு வந்த ஆண் ஊதாத் தேன்சிட்டின் மஞ்சள் மார்பில், இனப்பெருக்கம் இல்லாத காலத்துக்குரிய ஒற்றைக் கருங்கோடு மட்டும் இருந்தது. மாசியில் அந்தக் கோட்டின் இருபுறமும் கருமை திட்டுத்திட்டாகப் பரவியது. இந்த வாரம் அதே கிளைக்கு வரும் ஆணிடம் மஞ்சள் சிறிதும் இல்லை. வெயில் படும்போது உடல் முழுவதும் நீலமும் ஊதாவுமாக மின்னுகிறது.